அகராதியை மூடிவைத்துப் படிக்கலாம்

ஊர்காவற்றுறைத் துறையிலிருந்து அனலைதீவுக்குச் செல்லும் வள்ளத்தில், எங்கள் அயல்வீட்டு அம்மையாரின் பேர்த்தியும் வந்தாள். கனடாவிற் கல்லூரியில் ஸ்பானிய மொழி பயில்பவள். மடியில் செர்வாந்திஸ் 1605இல் வெளியிட்ட ‘தொன் கிகோத்தே’. அதன்மேல் தடித்த அகராதி. ஒரு தவணை முழுவதும் முயன்று ஒன்பது பக்கங்களே கடந்தாளாம். அப்பாடத்தையே விட்டுவிடப் போவதாகச் சொன்னாள்.

அரிச்சுவடி முடித்த கையோடு கம்பராமாயணத்தை விரித்தவர் கதைதான் இதுவும்.

பரந்த வாசிப்பினால் மொழி கற்கும் முறை வேறு. எளிய நூல்களை ஏராளமாக, கதைச்சுவைக்காகவே படித்துச் செல்லவேண்டும். டாக்காவில் ஆசிரியப் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட் என்னும் ஆங்கிலேயர், 1920களில் வங்காள மாணாக்கருக்கெனச் சொற்களை அளந்து ஆங்கில வாசிப்பு நூல்கள் ஆக்கியதும் இதன்பொருட்டே. 100 சொற்களில் ஏறக்குறைய 98 தெரிந்திருந்தால், பிறர் துணையின்றிக் கதை விளங்கும் என்பர் பிற்கால ஆய்வாளர். அவ்வளவு தெரியவில்லையாயின் நூலை மாற்றுக. குழந்தைக் கதையாயினும் வெட்கமில்லை. அறியாத சொல்லைக் கண்டு நில்லாது மேலே செல்க. அதே சொல் பத்தாம் பக்கத்தில் மீண்டும் எதிர்ப்படும். இருபதாம் பக்கத்திற் பழகிய முகமாகிவிடும். இலக்கணம் வேண்டாமென்பதன்று, பேச்சையும் பேசித்தான் பழகவேண்டும்.

யாழ்ப்பாணத்தாருக்கு மற்றொரு வாய்ப்பும் உண்டு. 1619 முதல் 1658 வரை இங்கு ஆண்ட போர்த்துக்கேயரின் மொழியும் ஸ்பானியமும் உடன்பிறப்புக்கள். அவர்கள் விட்டுச்சென்ற மேசை, ஸ்பானியத்தில் ‘மேசா’; பாண் ‘பான்’; குசினி ‘கோசினா’; சப்பாத்து ‘சப்பாத்தோ’. இதைக் கேட்டதும் பிள்ளை முதன்முறையாகச் சிரித்தாள். ஊர்காவற்றுறையை அடுத்த கரம்பொன்னில் 1913இற் பிறந்த தனிநாயகம் அடிகளார் இம்மொழிகளில் வல்லவராய் விளங்கியதையும், 1679இல் அச்சான தமிழ்–போர்த்துக்கேய அகராதியை 1966இல் மறுபதிப்புச் செய்ததையும் சொன்னேன்.

வீட்டில் அம்மம்மாவுக்கும் செய்தி எட்டியது. பள்ளிப் படிப்பை ஐந்தாம் வகுப்போடு நிறுத்தியவர் அவர். ‘பொன்னியின் செல்வ’னை மும்முறை வாசித்தவர்.

“பிள்ளை, நான் அகராதியை வைச்சுக்கொண்டோ அதை வாசிச்சனான்? வந்தியத்தேவனுக்கு அடுத்தது என்ன நடந்ததெண்டு அறிய வேணுமெண்ட அவதியிலை வாசிச்சது!”

இரண்டு நாள் கழித்துச் சென்றபோது, பெண் முற்றத்து வேம்பின் கீழ் இருந்து கைப்பேசியில் ஸ்பானியச் சிறுவர் கதையொன்றைப் படித்துக்கொண்டிருந்தாள். எத்தனையாம் பக்கம் என்றேன். “எண்ணேல்லை, மாமா” என்றாள்.