கண்ணில்லாப் படை

எறும்புக்காக வீட்டைக் காலி செய்வார்களா? கிழக்கு ஆப்பிரிக்கக் கிராமங்களில் செய்வதுண்டு. சுவாஹிலி மொழியில் 'சியாஃபு' எனப்படும் டோரைலஸ் இன எறும்புகள் லட்சக்கணக்கில் அணிவகுத்து வரும். வேலைக்கார எறும்புகளுக்குக் கண்ணே கிடையாது. முன்னே போனது விட்டுச்சென்ற வாசனைதான் வழி. இருபுறமும் பெரிய தலையுள்ள சிப்பாய் எறும்புகள் தாடையைத் திறந்தபடி காவல் நிற்கும். கடித்தால் லேசில் விடாது. பிய்த்தெடுத்தால் உடல் கையோடு வரும், தலை தோலிலேயே தங்கிவிடும். வீட்டிலோ கரப்பான், எலிக்குஞ்சு எதுவும் மிஞ்சாது. காசில்லாத துப்புரவு!

மத்திய, தென் அமெரிக்கக் காடுகளின் எசிட்டன் எறும்புகளும் இதே டோரைலினே துணைக்குடும்பம்தான். ஆனால் அவை மண்ணில் கூடு தோண்டுவதில்லை. காலோடு கால் கோத்துத் தங்கள் உடம்பையே கூடாக்கி, ராணியை நடுவில் வைத்துக்கொள்கின்றன.