கோதுமை மா ஒத்துக்கொள்ளாதவர்கள்: சீலியாக் நோயை அறிந்துகொள்ளுங்கள்

இடம்பெயர்ந்திருந்த காலத்தில் நிவாரணமாகக் கிடைத்த கோதுமை மாவே பல குடும்பங்களுக்கு அன்றாட உணவானது. ஊர் திரும்பிய பின்பும் ரொட்டி, பாண், பிட்டு என்று அது தொடர்கிறது. பெரும்பாலானோருக்கு இதனால் தீங்கில்லை. ஆனால் சிலரின் குடலுக்குக் கோதுமை ஒத்துக்கொள்வதில்லை. பிள்ளை தேறாமலிருந்தால், "முகாமில் வளர்ந்த பிள்ளை, அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிடாதீர்கள்.

இது என்ன நோய்?

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் குளூட்டன் என்னும் புரதம் உண்டு. சீலியாக் நோயுள்ளவர் அதை உண்ணும்போது, உடலின் நோயெதிர்ப்புச் சக்தி தன் சிறுகுடலையே தாக்குகிறது. உணவுச் சத்தை உறிஞ்சும் சடைமுளைகள் தேய்ந்துபோகின்றன. அதனால் எவ்வளவு சாப்பிட்டாலும் சத்து உடலில் சேராது. இது தொற்றுநோய் அல்ல. ஆனால் பரம்பரையாக வரக்கூடும்.

1944–45 குளிர்காலத்தில் நெதர்லாந்தில் போர்ப் பஞ்சம் நிலவியது. பாண் கிடைக்காத அந்நாட்களில் இந்நோயுள்ள பிள்ளைகள் தேறியதையும், பாண் மீண்டும் வந்தபோது நோய் திரும்பியதையும் வில்லெம் டிக்கே என்ற குழந்தை வைத்தியர் கவனித்தார்.

அறிகுறிகள் எவை?

பிள்ளைகளில்:
- வாரக்கணக்கில் நீடிக்கும் வயிற்றோட்டம், அல்லது வெளிறிய, துர்நாற்றமுள்ள மலம்
- வயிறு ஊதி, கைகால் மெலிதல்
- நிறையும் உயரமும் கூடாமை
- எப்போதும் சிணுங்குதல், பசியின்மை

பெரியவர்களில்:
- இரும்புச்சத்து மாத்திரை எடுத்தும் மாறாத இரத்தச்சோகை
- தீராத களைப்பு, அடிக்கடி வரும் வாய்ப்புண்
- வயிற்றுப் பொருமல், சிலருக்கு மலச்சிக்கல்
- முழங்கை, முழங்காலில் கடுமையாக அரிக்கும் கொப்புளங்கள்

குடற்புழு, அசுத்தமான நீர், போதிய உணவின்மை ஆகியவற்றாலும் இவற்றுள் பல வரலாம். ஆகவே நீங்களே முடிவு செய்யாமல் வைத்தியரிடம் காட்டுங்கள். மலத்தில் இரத்தம், கடும் காய்ச்சல், பிள்ளை சோர்ந்து கிடத்தல் இருந்தால் உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

எங்கே, எப்படிப் பரிசோதிப்பது?

முதலில் உங்கள் பகுதி குடும்பநல உத்தியோகத்தரிடமோ அருகிலுள்ள அரசாங்க வைத்தியசாலையிலோ சொல்லுங்கள். பிள்ளையின் வளர்ச்சிப் பதிவேட்டைக் கொண்டுசெல்லுங்கள். அது தொலைந்திருந்தால் அதையும் கூறுங்கள். தேவைப்பட்டால் புளியந்தீவிலுள்ள மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்குக் கடிதம் கேளுங்கள்.

முதலில் இரத்தத்தில் இந்நோய்க்குரிய பிறபொருளெதிரிகள் உள்ளனவா என்று பார்ப்பார்கள். அவை இருந்தால், வாய் வழியாகக் குழாய் செலுத்திச் சிறுகுடலிலிருந்து சிறு துண்டு எடுத்துப் பரிசோதிப்பது வழக்கம்.

முக்கியம்: பரிசோதனை முடியும்வரை கோதுமையை நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் குடல் தேறத் தொடங்கும்; நோய் இருந்தும் இல்லையென்று முடிவு வரலாம். ஏற்கெனவே நிறுத்தியிருந்தால் வைத்தியரிடம் சொல்லுங்கள். நோய் உறுதியானால் பெற்றோரும் சகோதரரும் பரிசோதிப்பது நல்லது.

நோய் உறுதியானால்

இதற்கு மருந்து, கோதுமை, பார்லி, ரை ஆகியவற்றை வாழ்நாள் முழுவதும் முற்றாகத் தவிர்ப்பதே. நமது சோறு, அரிசிமா இடியப்பம், குரக்கன், சோளம், மரவள்ளி, பயறு, மீன், முட்டை, தேங்காய் எல்லாம் உண்ணலாம். பிட்டுக்கு அரிசி மாவில் கோதுமை மா கலக்காதீர்கள். கோதுமை அரைத்த ஆலையில் அப்படியே அரிசி அரைத்தாலும் மா கலந்துவிடும். பிஸ்கட், நூடில்ஸ், சோயாமீற், கூட்டுப் பெருங்காயம் வாங்கும்போது பொதியின் விபரத்தைப் பாருங்கள்.

நிவாரணப் பொதியில் கோதுமை மா வந்தால், வைத்தியரின் கடிதத்தை எமது கள உத்தியோகத்தரிடம் காட்டி, பதிலாக அரிசி கேளுங்கள். கேட்பதற்குத் தயங்க வேண்டாம்.