226 கிலோமீட்டர் பந்தயமும் பத்திரிகைக்காரரும்

தருமபுரியிலிருந்து பென்னாகரம் வழியாக ஒகேனக்கலுக்குப் போகும் சாலையின் நீளம் ஏறக்குறைய 46 கிலோமீட்டர். அந்தச் சாலையில் இருமுறை போய் இருமுறை திரும்புவதற்கு ஏறக்குறையச் சமமான 180 கிலோமீட்டரைச் சைக்கிளில் கடக்கவேண்டும். சைக்கிளில் ஏறுவதற்கு முன்பே 3.86 கிலோமீட்டர் நீந்தியிருக்கவேண்டும். இறங்கியதும் ஓய்வென்பதே இல்லாமல் 42.2 கிலோமீட்டர் ஓடவேண்டும். இவ்வளவையும் ஒரே நாளில், சாதாரணமாக 17 மணி நேரத்துக்குள் முடிக்கவேண்டும் என்று விதித்திருக்கும் பந்தயத்துக்குத்தான் ‘அயர்ன்மேன்’ என்று பெயர். நெடுந்தூர டிரையத்லான் பந்தயங்களில் உலகப் பிரசித்தி பெற்றது இதுவே.

கபடியையோ கிரிக்கெட்டையோ பார்க்க வருகிறவர் ஓரிடத்தில் உட்கார்ந்து ஆட்டம் முழுவதையும் கண்ணாரக் கண்டுவிட்டு வீடு திரும்பலாம். இந்தப் பந்தயத்துக்கோ மைதானம் கிடையாது. கடலிலோ ஏரியிலோ தொடங்கி, நெடுஞ்சாலைகளில் விரிந்து, எங்கோ ஓர் ஊர்வீதியில் முடியும் இதை முழுவதும் பார்த்த மனிதர் என்று ஒருவரையும் சொல்லமுடியாது. ஓடுகிறவருடைய மனைவி மக்கள்கூட அவரை நாள் முழுவதிலும் நாலைந்து தடவை, அதுவும் சில கணங்களே பார்க்கிறார்கள். ஆகையால் உலகம் இந்தப் பந்தயத்தைப் பற்றி அறிவதெல்லாம் பத்திரிகைக்காரரும் கேமராக்காரரும் எங்கே நிற்க அனுமதிக்கப்பட்டார்கள், எதைப் பார்த்தார்கள், எப்போது மூட்டை கட்டிக்கொண்டு புறப்பட்டார்கள் என்பதையே பொறுத்திருக்கிறது.

இந்தப் பந்தயத்தை வளர்த்ததே பத்திரிகைதான் என்று நான் சொல்வது மிகையன்று. 1978ஆம் வருஷம் பிப்ரவரி 18ஆம் தேதி, ஹவாய்த் தீவுகளில் ஒன்றான ஓவாஹுவில், ஜான் காலின்ஸ் என்ற கடற்படை அதிகாரியும் அவர் மனைவி ஜூடியும் முதல் பந்தயத்தை நடத்தியபோது புறப்பட்டவர்கள் 15 பேர், முடித்தவர்கள் 12 பேர். மறுவருஷமும் கூட்டம் அவ்வளவாகப் பெருகிவிடவில்லை. ஆனால் அந்த 1979இல், கோல்ஃப் ஆட்டத்தைப் பற்றி எழுதுவதற்காக ஹவாய்க்கு வந்திருந்த பாரி மெக்டெர்மட் என்ற எழுத்தாளர், தற்செயலாக இதைக் கண்டு ‘ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்’ பத்திரிகையில் விஸ்தாரமாக ஒரு கட்டுரை எழுதினார். 1980இல் பந்தயத்தில் இறங்கியவர்கள் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள், ஏ.பி.சி. தொலைக்காட்சியின் கேமராக்களும் அந்த வருஷமே அவர்களைப் பின்தொடர்ந்தன.

அதற்கு இரண்டு வருஷம் கழித்து, 1982 பிப்ரவரியில், பந்தயம் இடம்மாறியிருந்த ஹவாயின் கோனா நகரத்து வீதியில் நடந்த ஒரு சம்பவம் இந்த விளையாட்டின் தலையெழுத்தையே மாற்றிவிட்டது. ஜூலி மாஸ் என்ற கல்லூரி மாணவி பெண்களில் முதலாவதாக வந்துகொண்டிருந்தார். எல்லைக்கோட்டை நெருங்கும் வேளையில் அவருடைய கால்கள் துவண்டுபோயின. விழுந்தார், எழுந்தார், மறுபடியும் விழுந்தார். கேத்லீன் மெக்கார்ட்னி என்ற இன்னொரு பெண் அவரைத் தாண்டிச் சென்று முதற்பரிசைப் பெற்றுவிட்டார். மாஸ் எழுந்து நிற்கவும் சக்தியற்றவராய், கைகளையும் முழங்கால்களையும் ஊன்றித் தவழ்ந்துபோய், 29 விநாடி பின்னால் கோட்டைத் தொட்டார். வென்றவரோடு போய்விடாமல் தோற்றவருடைய அருகிலேயே நின்றுவிட்ட கேமராதான் அந்தக் காட்சியை லட்சக்கணக்கான வீடுகளுக்குக் கொண்டு சேர்த்தது. அதைப் பார்த்துவிட்டே இந்தப் பந்தயத்துக்கு வந்தோம் என்று பிற்காலத்தில் சொன்னவர்கள் பலர். எங்கே நிற்பது என்று தீர்மானிப்பதுதான் நிருபருடைய தொழிலின் சாரம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

ஆனால் அருகில் நிற்பதற்கும் ஓர் எல்லை உண்டு. சைக்கிள் பகுதியில் முன்செல்பவருக்கு நெருங்கிப் பின்னால் சென்றால் காற்றின் எதிர்ப்பு குறைந்து உழைப்பு மிச்சமாகும். ஆதலால் சாதாரணப் போட்டியாளர்களில் இருவருக்கிடையே 12 மீட்டராவது இடைவெளி வேண்டும் என்பது அயர்ன்மேன் விதி. அதை மீறியவர் தண்டனைக் கூடாரத்தில் ஐந்து நிமிஷம் சும்மா நிற்கவேண்டும். மனிதனுடைய முதுகே இவ்வளவு உதவுமானால், கேமராக்காரரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு முன்னே செல்லும் மோட்டார் சைக்கிள் எவ்வளவு உதவும் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம். முதலாவது வருகிறவரைத்தான் எல்லோரும் படமெடுக்க விரும்புகிறார்கள். ஆகவே அந்த உதவியும் பெரும்பாலும் அவருக்கே கிடைத்துவிடுகிறது. இது நியாயமில்லை என்று வீரர்கள் முறையிட்டு வருவது இன்று நேற்றல்ல. இதனால்தான் பெரிய பந்தயங்களில் மோட்டார் சைக்கிள் அனுமதி மிகச் சிலருக்கே தரப்படுகிறது. மற்றவர்கள் நீச்சலிலிருந்து சைக்கிளுக்கு மாறும் இடத்திலும், எல்லைக்கோட்டருகே வகுத்த பகுதியிலும் நின்றே வேலை செய்யவேண்டியிருக்கிறது. ஓடுகிறவரோடு கூடவே ஓடிப் படமெடுப்பதும் கூடாது. அது வெளியார் துணையாகக் கருதப்பட்டு, அவருடைய உழைப்பெல்லாம் வீணாகக்கூடும்.

இந்தக் கட்டுப்பாடுகளைக் கெடுபிடி என்று அலுத்துக்கொள்கிறவர்கள் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்தில் 2023ஆம் வருஷம் ஜூன் 4ஆம் தேதி நடந்ததை நினைத்துப் பார்க்கவேண்டும். ஐரோப்பிய சாம்பியன் பட்டத்துக்கான பந்தயத்தில், புகைப்படக்காரரை ஏற்றிச் சென்ற மோட்டார் சைக்கிள், எதிரே வந்த போட்டியாளர் ஒருவரோடு நேருக்கு நேர் மோதியது. மோட்டார் சைக்கிளை ஓட்டிய 70 வயது மனிதர் அங்கேயே உயிர் துறந்தார்; சைக்கிளில் வந்தவர் பலத்த காயமுற்றார். பந்தயம் நிறுத்தப்படவில்லை. ஒரு படம் எவ்வளவு அரியதானாலும் அதற்கு ஓர் உயிரின் விலை கொடுக்க யாருக்கும் உரிமையில்லை. சாலையில் எத்தனை வண்டிகள் வேண்டும் என்பதைப் பந்தயத்தை நடத்துகிறவர்கள் பத்திரிகைகளின் ஆசையைக் கேட்டுத் தீர்மானிக்காமல், சாலையின் அகலத்தை அளந்து தீர்மானிக்கவேண்டும் என்பது என்னுடைய உறுதியான அபிப்பிராயம்.

நம்முடைய பிரதேசத்துக்கு இந்தப் பந்தயம் வந்தது சமீபத்தில்தான். இதில் பாதித் தூரமுள்ள ‘அயர்ன்மேன் 70.3’ 2018 பிப்ரவரியில் கொழும்பிலும், 2019 அக்டோபர் 20ஆம் தேதி கோவாவின் மீராமார் கடற்கரையிலும் முதன்முதலாக நடந்தது. அதற்கு முன்பே, 2015இல், நடிகர் மிலிந்த் சோமன் ஐம்பது வயதை எட்டும் தறுவாயில் ஸூரிச் நகரத்தில் முழுத் தூரத்தையும் முடித்தபோது நம் பத்திரிகைகள் அதைப் பெரிய செய்தியாக வெளியிட்டன. அது பாராட்டத்தக்க சாதனைதான், சந்தேகமில்லை. ஆயினும் பிரபலமானவர் ஓடினால்தான் செய்தி என்ற பழக்கம் இந்தப் பந்தயத்தின் சுபாவத்துக்கே விரோதமானது. முதலாவது வருகிறவர் எட்டு மணி நேரத்தில் முடித்துவிடுகிறார். அதற்குப் பிறகும் ஒன்பது மணி நேரம் பந்தயம் நடந்துகொண்டேயிருக்கிறது. ஜப்பானைச் சேர்ந்த ஹிரோமு இனாடா 2018இல் கோனாவில் தம்முடைய 85ஆவது வயதில் எல்லைக்கோட்டைத் தாண்டியபோது, கெடு முடிவதற்குச் சில நிமிஷங்களே பாக்கியிருந்தன. வென்றவருடைய பேட்டியை அனுப்பிவிட்டுச் சாயங்காலமே அறைக்குத் திரும்பிவிட்ட நிருபருக்கு அந்தக் காட்சி கிடைத்திராது.

தருமபுரியில் அயர்ன்மேன் நடப்பதில்லை. ஆனால் விழிப்புணர்வு ஓட்டங்களும் மாரத்தான்களும் இன்று எந்த மாவட்டத்துக்கும் புதியவையல்ல. போலீஸ் தேர்வுக்காக விடியற்காலையில் ஓடிப் பழகும் கிராமத்துப் பிள்ளைகளும் பெண்களும் அவற்றில் ஓடுகிறார்கள். மறுநாள் பத்திரிகையில் வருவதோ, கொடியசைத்துத் தொடங்கிவைத்த பிரமுகருடைய படமும் பரிசு வாங்கிய மூவருடைய படமுமே. முன்னால் ஓடுகிறவருடைய முகத்துக்கெதிரே புகை கக்கிக்கொண்டு கேமராவோடு மோட்டார் சைக்கிள்கள் போவதையும் நாம் கண்டிருக்கிறோம். மாவட்ட நிருபர்களிடமும் அவர்களை அனுப்பும் ஆசிரியர்களிடமும் நான் வேண்டிக்கொள்வது இது: அடுத்த ஓட்டத்தின்போது வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, எல்லைக்கோட்டருகே கடைசி ஆள் வந்துசேரும்வரை காத்திருங்கள், அவருடைய பெயரையும் ஊரையும் கேட்டு, பிழையில்லாமல் எழுதிப் பிரசுரியுங்கள்.