ரீல்ல நரம்பு சுத்தித் தாங்கன்னு கடையில கொடுக்கப் போறீங்களா? இந்த 5 விஷயங்களைக் கவனிங்க!

புது ராடு, புது ரீல் வாங்கியாச்சு. கடைக்காரரே நரம்பும் சுத்திக் கொடுத்துட்டார். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில கோவளம் பக்கம் கிளம்பி, தூண்டிலை வீசுறீங்க. மூணாவது வீச்சுலயே நரம்பு தேங்காய் நார் மாதிரி சிக்கிக்குது. 'எனக்குத்தான் வீசத் தெரியலை போல'ன்னு உடனே முடிவு பண்ணிடாதீங்க. பல நேரம் பிரச்னை உங்க கையில இல்லை, கடையில நரம்பு சுத்தின விதத்துல இருக்கு.

கடைக்காரரையும் முழுசா குறை சொல்ல முடியாது. வார இறுதிக் கூட்டத்துல ஒரு ரீலுக்கு அஞ்சு நிமிஷம் ஒதுக்குறதே பெரிய விஷயம். நீங்க எங்கே, என்ன மீனுக்குத் தூண்டில் போடுறீங்கன்னு நீங்க சொல்லாம அவருக்குத் தெரியாது. அதனால என்னவெல்லாம் தப்பா போகலாம்னு தெரிஞ்சுகிட்டுப் போனா, பாதிப் பிரச்னை கடையிலேயே முடிஞ்சிடும்.

1. முறுக்கு

புதுசா ஆரம்பிக்கிற பலரும் வாங்குறது ஸ்பின்னிங் ரீல்தான். இதுல கைப்பிடியைச் சுத்தும்போது ஸ்பூல் சுழலாது. வளைஞ்ச கம்பியான பெயில்தான் ஸ்பூலைச் சுத்தி வந்து நரம்பைச் சுற்றும். புது நரம்புக் கட்டையைத் தரையில படுக்கப் போட்டுச் சுத்தும்போது, அது எந்தப் பக்கம் பார்த்து இருக்குங்கிறது முக்கியம். தப்பான பக்கமா இருந்தா, ஒவ்வொரு சுற்றுக்கும் நரம்புல முறுக்கு ஏறிக்கிட்டே போகும். அந்த முறுக்குதான் தண்ணிக்கரையில சிக்கா மாறுது.

சோதிக்கிறது ரொம்ப ஈஸி. 15, 20 சுற்று முடிஞ்சதும் நிறுத்தச் சொல்லுங்க. நரம்பைக் கொஞ்சம் தளர்த்திப் பாருங்க. ஸ்பிரிங் மாதிரி தன்னைத்தானே சுருட்டிக்கிட்டா, கட்டையைத் திருப்பிப் போட்டுத் தொடரச் சொல்லுங்க.

2. அரை வயிறு, அளவுக்கு மீறிய வயிறு

பல கடைகள்ல 100 மீட்டர் கட்டையை அப்படியே சுத்திக் கொடுத்துடுவாங்க. பெரிய ரீல்ல அது பாதி ஸ்பூலைக்கூட நிரப்பாது. அப்படி இருந்தா, வீசும்போது நரம்பு ஸ்பூலோட விளிம்புல உரசி உரசி வெளியே வரும். எவ்வளவு பலமா வீசினாலும் தூரம் போகாது.

இதுக்கு நேர் எதிராவும் நடக்கும். விளிம்பு வரைக்கும் நிரப்பிட்டா, ஒரே நேரத்துல நாலஞ்சு வளையம் சரிஞ்சு விழுந்து சிக்கிக்கும். விளிம்புக்குக் கீழே 2 முதல் 3 மி.மீ. இடைவெளி இருந்தா சரியான அளவு. உங்க ஸ்பூல் மேலேயே எந்தத் தடிமன் நரம்பு எத்தனை மீட்டர் பிடிக்கும்னு அச்சடிச்சிருக்கும். அதைப் பார்த்துட்டு நரம்பு வாங்குங்க.

3. தொளதொளன்னு சுத்துறது

நரம்பை இழுத்துப் பிடிக்காம வேகமா சுத்தினா, பார்க்க ரீல் நிறைஞ்ச மாதிரி இருக்கும். ஆனா உள்ளே எல்லாம் தளர்வா இருக்கும். மீன் வெடுக்குனு இழுக்கும்போது மேல் நரம்பு கீழ் அடுக்குக்குள்ள புதைஞ்சிடும். அடுத்த வீச்சுல நரம்பு பாதியில நின்னு, மாட்டியிருந்த லூர் அறுந்து கடலுக்குள்ள போயிடும். மெல்லிசான பிரெய்டு நரம்புல இது ரொம்பவே அதிகம்.

சுத்தும்போது ஈரத் துணியால நரம்பை அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்க. வீட்ல நீங்களே சுத்தினாலும் வெறும் விரல்ல பிடிக்காதீங்க. பிரெய்டு விரலை அறுத்துடும்.

4. வழுக்கும் பிரெய்டு

பெரிய ஏமாற்றம் இதுதான். ரொம்ப நாள் காத்திருந்து ஒரு கொடுவா மாட்டுது. டிராக்கை எவ்வளவு இறுக்கினாலும் நரம்பு போய்க்கிட்டே இருக்கு. டிராக் கெட்டுப்போச்சுன்னு நினைச்சு ரீலை ரிப்பேருக்குக் கொண்டுபோவீங்க. ஆனா ரீல்ல ஒரு கோளாறும் இருக்காது. வழவழப்பான பிரெய்டை வெறும் ஸ்பூல்ல நேரடியா கட்டியிருப்பாங்க. அதனால ஸ்பூல் நிற்க, மொத்த நரம்பும் ஒரே உருண்டையா அது மேல வழுக்கிச் சுத்தும்.

முதல்ல 10, 15 சுற்று சாதாரண நைலான் நரம்பைச் சுத்தி, அதோட பிரெய்டை முடிச்சுப் போடச் சொல்லுங்க. நைலான் ஸ்பூலைக் கவ்விப் பிடிச்சுக்கும். இன்னொரு லாபமும் இருக்கு. அதே பலத்துல பிரெய்டு நைலானைவிட ரொம்ப மெல்லிசு, விலையும் அதிகம். ஸ்பூலோட அடிப்பகுதியை நைலானால நிரப்பிட்டா, பிரெய்டு குறைவா வாங்கினாலே போதும். சில ஸ்பூல்கள்ல வழுக்காம இருக்க ரப்பர் பட்டையே இருக்கும். அதுக்கு நைலான் தேவையில்லை.

5. என்ன நரம்பு, எவ்வளவு பழசு?

பெரிய கட்டையில இருந்து மீட்டர் கணக்குல சுத்திக் கொடுத்தா, லேபிளைக் காட்டச் சொல்லுங்க. கடை வாசல்ல வெயில்பட மாசக்கணக்குல தொங்கின நைலான் பலம் இழந்திருக்கும். ஒரு மீட்டர் இழுத்து விரலால தடவிப் பாருங்க. சொரசொரப்பாவோ, வெளுத்தோ இருந்தா வேண்டாம். நடுவுல ஒரு முடிச்சு போட்டு, ரெண்டு முனையையும் துணியில சுத்திப் பிடிச்சு இழுங்க. சட்டுனு அறுந்தாலும் வேண்டாம்.

வாங்கினதும் நரம்போட வகை, தடிமன், தேதியை ஒரு சின்ன பேப்பர்ல எழுதி ரீல் பையில போட்டு வைங்க. ஆறு மாசம் கழிச்சு 'இதுல இருக்கிறது எத்தனை பவுண்டு?'ன்னு முழிக்க வேண்டியதில்லை.

கடையைவிட்டு வெளியே வர்றதுக்கு முன்னாடி

ரீலைக் கொடுத்துட்டு டீ குடிக்கப் போயிடாதீங்க, பக்கத்துலயே நில்லுங்க. எங்கே வீசப் போறீங்க, என்ன மீன், லூரா இரையா, நைலானா பிரெய்டா... இந்த நாலையும் முதல்லயே சொல்லிடுங்க. சுத்தி முடிச்சதும் விளிம்பு இடைவெளியைப் பாருங்க. டிராக்கை முழுசா இறுக்கி, நரம்பைத் துணியால பிடிச்சு இழுங்க. ஸ்பூல் அசையாம நரம்பு மட்டும் வந்தா, அது வழுக்குது. அங்கேயே பிரிச்சு மறுபடி சுத்தச் சொல்லுங்க. கூச்சமே வேண்டாம், காசு கொடுக்கிறது நீங்கதான்.

ஏற்கெனவே முறுக்கேறின நரம்பா? லூரைக் கழற்றிட்டு, வெறும் நரம்பை ஒரு மைதானத்துல நீளமா விட்டு நடங்க. அப்புறம் துணியால அழுத்திப் பிடிச்சபடியே சுத்துங்க. பெருமளவு சரியாகிடும்.

சிக்கை எடுக்கவே முடியலைன்னா வெட்டித்தான் ஆகணும். ஆனா வெட்டின நரம்பைக் கரையில போட்டுட்டு வராதீங்க. நைலான் சீக்கிரத்துல மக்காது. பறவைகளோட கால்ல சுத்திக்கும். ஜனவரியில இருந்து மார்ச் வரைக்கும் சென்னைக் கரைக்கு முட்டையிட வர்ற பங்குனி ஆமைகளோட துடுப்புலயும் மாட்டும். சின்னச் சின்னத் துண்டா நறுக்கி, ஒரு கவர்ல போட்டு வீட்டுக்கே எடுத்துட்டு வந்துடுங்க.