களிம்பும் திரியும்

அகலில் எண்ணெய் மட்டும் இருந்து திரி இல்லையானால், அதன்மேல் தீக்குச்சியைக் காட்டினாலும் எண்ணெய் எளிதில் பற்றாது. அதே எண்ணெயில் ஒரு பஞ்சுத் திரி நனைந்துவிட்டாலோ, விளக்கு இரவெல்லாம் நின்று எரிகிறது. எண்ணெய் மாறவில்லை, பஞ்சு வந்து சேர்ந்தது, அவ்வளவே. மாணவ நேயர்களே, வறண்ட தோலுக்குத் தடவும் களிம்பைப் பற்றி இன்று நான் சொல்லப் புகுவதெல்லாம் இந்தச் சிறு உண்மைக்குள் அடங்கும்.

களிம்புக்கும் தீக்கும் என்ன உறவு என்று நீங்கள் கேட்பது நியாயமே. குப்பியில் இருக்கும்வரை பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் கரப்பான், சொரியாசிஸ் போன்ற தோல் நோயுடையவர்கள் அதைச் சிறிதளவா பூசுகிறார்கள்? உடல் முழுதும் பூசவேண்டிய ஒருவருக்குப் பிரிட்டனில் மருத்துவர்கள் வாரத்திற்கு அரைக் கிலோ வரை எழுதிக் கொடுப்பதுண்டு. அதில் ஒரு பகுதி சட்டையிலும் போர்வையிலும் தலையணை உறையிலும் கட்டுத் துணியிலும் ஊறுகிறது. உலர்ந்தபின் கண்ணுக்குத் தெரியாது. அந்தத் துணியோ இப்போது சாதாரணத் துணியன்று. விரித்துப் போட்ட திரி.

திரியின் வேலையை மைக்கேல் ஃபாரடே அழகாக விளக்கியிருக்கிறார். 1860-ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கி, லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் இளைஞர்களுக்காக ஒரு மெழுகுவத்தியை மட்டுமே பொருளாகக் கொண்டு ஆறு சொற்பொழிவுகள் ஆற்றினார். உருகிய மெழுகு திரியின் நுண்ணிய இடைவெளிகளின் வழியே மேலேறுகிறது, வெப்பத்தால் ஆவியாகிறது, எரிவது அந்த ஆவியே. களிம்பு ஊறிய சட்டையில் ஒவ்வோர் இழையும் இவ்வாறே தொழிற்படுகிறது. ஆகவே தீ விரைந்து பரவுகிறது, வெப்பமும் மிகுதி. சட்டையைக் கழற்றி எறியக் கிடைக்கும் நேரமோ மிகக் குறைவு.

முன்பெல்லாம், பாரஃபின் மிகுந்த களிம்புகளே ஆபத்தானவை என்று கருதினர். 2018 டிசம்பரில் பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அந்த எச்சரிக்கையைப் பாரஃபின் கலவாத களிம்புகளுக்கும் விரித்தது. அதற்கு முந்தைய சில ஆண்டுகளில் அந்நாட்டுத் தீயணைப்புப் படையினர் தெரிவித்த இத்தகைய மரணங்கள் சுமார் 50. இறந்தவர்களுள் பெரும்பாலோர் அறுபது வயதைக் கடந்தவர்கள், புகைபிடிப்பவர்கள், எழுந்து நடமாட இயலாதவர்கள். 'இயற்கை எண்ணெய்தானே, அஞ்சவேண்டாம்' என்பாரின் பேச்சை நான் ஏற்பதில்லை. தேங்காயெண்ணெய் ஊறிய துண்டும் திரிதான்.

அதற்காகக் களிம்பையே விட்டுவிடுவது அறிவுடைமை ஆகாது. பூசாது விட்டால் தோல் வெடிக்கும். வெடிப்பில் கிருமி புகும். விலக்க வேண்டியது நெருப்பை. களிம்பு பூசிய உடலோடும் அது பட்ட உடையோடும் அடுப்பருகே செல்லலாகாது, புகைபிடிக்கலாகாது, குத்துவிளக்கு ஏற்றுவதையும் வேறொருவரிடம் விடலாம். துணிகளை அடிக்கடி துவைக்க வேண்டும். வெந்நீரில் துவைப்பது நன்று. எனினும், எத்தனை துவைத்தாலும் களிம்பு முழுவதும் நீங்கிவிடுவதில்லை என்பதை மறவாதீர்கள். படுக்கையிலேயே பீடி பிடிக்கும் பாட்டனார் வீட்டில் இருந்தால், அவரிடம் இதைச் சொல்ல உங்களைவிடத் தகுந்தவர் எவர்? பேரப்பிள்ளைகள் சொன்னால் சில சமயம் கேட்கிறார்கள்!

இவ்வளவும் மீறி உடையில் தீப்பற்றினால் ஓடலாகாது. ஓடினால் காற்று தீயை வளர்க்கும். நின்ற இடத்திலேயே தரையில் படுத்து உருள வேண்டும். தீ அணைந்ததும் வெந்த இடத்தில் 20 நிமிடம் குளிர்ந்த குழாய் நீரை ஓடவிட்டு, தாமதமின்றி மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். அந்தப் புண்ணின்மேல் அப்போது எந்தக் களிம்பையும் தடவக்கூடாது.