குதிரை இங்கே, ராஜா எங்கே?

மும்பை கோட்டைப் பகுதிக்கு அலுவலகம் போய்வரும் தமிழர்களுக்குக் காலா கோடாவைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. காலா என்றால் கறுப்பு, கோடா என்றால் குதிரை. ஜஹாங்கீர் கலைக்கூடமும் டேவிட் சாசூன் நூலகமும் எல்பின்ஸ்டன் கல்லூரியும் அருகருகே இருக்கும் அந்த இடத்தில் இன்று ஒரு கறுப்புக் குதிரைச் சிலை நிற்கிறது. அதன் முதுகில் ஆள் இல்லை. அந்தக் குதிரையால்தான் இடத்துக்கு அந்தப் பெயர் வந்தது என்று நினைப்பவர்கள் பலர். நடந்தது நேர்மாறு. பெயர் இருந்ததால்தான் அந்தக் குதிரை வந்தது!

இது தெரியாமல் ஒரு மாமனும் மருமகனும் 2018-ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஓர் இரவு நடுத்தெருவில் சண்டை போட்டுக் கொண்டார்கள்.

மருமகன் தாராவிவாசி, கோட்டையில் குமாஸ்தா. வேலைக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. மாமாவுக்கு வயது 70. திருநெல்வேலிப் பக்கம். 1961-இல் 13 வயதில் பம்பாய்க்கு ஓடிவந்து, கோட்டை அலுவலகங்களுக்கு டீ கொண்டுபோய்க் கொடுத்தவர். 1964-இல் தகப்பனார் இறந்து ஊருக்குப் போனவர், அப்புறம் இந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்கவில்லை. வீட்டில் அவருக்கு மறதி நோய் என்று ஒரு பேச்சு. கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு வீடு முழுக்கத் தேடினாராம். பெரிய டாக்டரிடம் காட்டும்படி சொல்லித்தான் மகள் மும்பைக்கு அனுப்பியிருந்தாள்.

காலா கோடா கலைவிழா நடந்து கொண்டிருந்தது. 1999-இல் தொடங்கிய இந்த விழா நாட்களில் தெருவெல்லாம் சிலையும் சித்திரமுமாக இருக்கும். பார்க்கக் காசு வேண்டாம். மாதக் கடைசியைப் பற்றிக் கவலைப்படாமல் போய்வரலாம் என்பது குமாஸ்தாக்களுக்குப் பெரிய வசதி. கூட்டத்தில் நசுங்கியபடி மருமகன் மாமாவைக் குதிரையின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்.

மாமா அண்ணாந்து பார்த்தார். சுற்றி வந்து பார்த்தார்.

“ஏலே, குதிரை இருக்கு. மேல இருந்த துரையை எங்கலே?”

“துரையா? இதுல ஆளே கிடையாது மாமா.”

“நாலு வருசம் அவன் நிழல்ல உக்காந்து டீ கிளாஸ் எண்ணிருக்கேன். எனக்குச் சொல்லித் தாரியா?”

“தினமும் இந்த வழியாத்தான் ஆபீசுக்குப் போறேன் மாமா. வெறும் குதிரைதான்.”

மருமகனுக்கு வயிற்றைக் கலக்கியது. மகள் சொன்னது சரிதான் போலிருக்கிறது என்று நினைத்தார். மாமாவோ விடவில்லை. துரை கீழே விழுந்துவிட்டானா, யாராவது இறக்கிவிட்டார்களா என்று போவோர் வருவோரையெல்லாம் தமிழிலேயே விசாரிக்கத் தொடங்கினார். விழாவில் இதுவும் ஒரு நாடகம் என்று எண்ணி நாலு பேர் கூடிவிட்டார்கள். ஒருவர் படம்கூட எடுத்தார்!

கடைசியில் நரைத்த தலை டாக்சிக்காரர் ஒருவர்தான் விஷயத்தை இந்தியில் சொன்னார். மருமகன் அதைத் தமிழாக்கினார்: “ராஜா ராணி பாக்கில் இருக்காராம் மாமா.”

ராணி பாக் என்பது பைகுல்லா மிருகக்காட்சித் தோட்டத்துக்கு மும்பைவாசிகள் வழங்கும் பெயர். இன்று அது ஜீஜாமாதா உத்யான்.

மாமா சொன்னது அத்தனையும் உண்மை. பிரிட்டிஷ் பட்டத்து இளவரசர் ஒருவர் 1875-76-இல் இந்தியாவைச் சுற்றிப் பார்த்தார். பிற்பாடு ஏழாம் எட்வர்டு மன்னர் ஆனவர் இவர்தான். அந்த வருகையின் நினைவாக ஆல்பர்ட் சாசூன் என்ற பெரும் வணிகர் நகரத்துக்கு அன்பளித்த வெண்கலச் சிலை 1879-இல் இங்கே திறக்கப்பட்டது. செய்தவர் போயம் என்ற சிற்பி. சவாரி செய்தவர் சாம்ராஜ்யத்துக்கே வாரிசு. ஆனாலும் பம்பாய் ஜனங்கள் அவரைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை, குதிரையின் பெயரைத்தான் இடத்துக்கு வைத்தார்கள். சுதந்திரத்துக்குப் பின் 1965-இல் சிலை அகற்றப்பட்டுப் பைகுல்லா போய்ச் சேர்ந்தது. குதிரை போயும் பெயர் போகவில்லை. 52 ஆண்டுகள் குதிரையில்லாத காலா கோடாவாகவே இருந்தது. 2017-இல்தான் புதிய குதிரையை வைத்தார்கள். மறுபடி ஒரு துரையை ஏற்றிவைக்க யாருக்கு மனம் வரும்? முதுகைக் காலியாகவே விட்டுவிட்டார்கள். மாமா ஊருக்குப் போனது 1964. அகற்றியது அவருக்குத் தெரியாது. மருமகன் வந்தது 2017 கடைசி. வைத்தது அவருக்குத் தெரியாது.

அடுத்த ஞாயிறு சயான் ஸ்டேஷனில் ரயிலேறி இருவரும் பைகுல்லா போனார்கள். சிறையிலிருக்கும் பழைய முதலாளியைப் பார்ப்பதுபோல் மாமா வெகுநேரம் நின்று பார்த்தார். பிறகு அங்கிருந்தே ஊருக்குப் போன் போடச் சொன்னார்.

“துரை அகப்பட்டுட்டான்னு எம் மவகிட்டச் சொல்லு. டாக்டரை வேணும்னா நீ போய்ப் பாரு.”

பார்க்க விரும்புகிறவர்கள் அதே தோட்டத்தில், காராபுரி என்று வழங்கும் எலிபெண்டா தீவிலிருந்து வந்த கல் யானையையும் பார்த்துவிட்டு வரலாம். 1864-இல் அதை இங்கிலாந்துக்குக் கொண்டுபோகத் தூக்கியபோது உடைந்து, பிறகு ஒட்டவைக்கப்பட்டது. புதன்கிழமை மட்டும் போகவேண்டாம். தோட்டத்துக்கு அன்று விடுமுறை.