ஒரு பானையா, நாலாயிரம் பானையா?

வெறும் 479. நாடு முழுவதும் 10.35 லட்சம் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரங்கள். அவற்றில் குலுக்கல் முறையில் 479-ஐ எடுத்து, விவிபாட் சீட்டுகளை எண்ணிச் சரிபார்த்தால் போதும் என்றது, 2019 மக்களவைத் தேர்தலுக்கு முன் தேர்தல் கமிஷன் இந்தியப் புள்ளியியல் நிறுவனம் மூலம் பெற்ற அறிக்கை. பாதி இயந்திரங்களின் சீட்டுகளையாவது எண்ணச் சொல்லி 21 எதிர்க்கட்சித் தலைவர்கள் உச்ச நீதிமன்றம் போனார்கள்.

யார் சொன்னது சரி? வேடிக்கை என்னவென்றால், கமிஷனின் கணக்கில் பிழை இல்லை. நூற்றுக்கு 2 இயந்திரங்கள் கோளாறு என்று வைத்துக்கொள்ளுங்கள். எடுக்கும் ஒன்று நல்லதாக இருக்க வாய்ப்பு 0.98. இரண்டும் நல்லதாக இருக்க 0.98 x 0.98. இப்படி 479 முறை பெருக்கினால் மிஞ்சுவது 0.00006. அதாவது கோளாறு கண்ணில் படாமல் போக லட்சத்தில் 6 வாய்ப்புதான். பிளஸ் டூ புத்தகத்தில் வரும் ஈருறுப்புப் பரவல்தான் இது.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம். தகராறு சோற்றில் அல்ல, பானையில். வெற்றி தோல்வி தொகுதிவாரியாக முடிவாகிறது. கோளாறு சில தொகுதிகளில் மட்டும் இருந்தால், நாடு தழுவிய மாதிரி அதைக் காட்டாது. தமிழக முன்னாள் ஐ.ஏ.எஸ். அதிகாரி கே. அசோக் வர்தன் ஷெட்டி போன்றோர் எழுப்பிய ஆட்சேபம் இதுதான்.

சட்டமன்றத் தொகுதிக்கு ஒரு இயந்திரம் என்றிருந்ததை 2019 ஏப்ரல் 8-ல் ஐந்தாக உயர்த்தியது உச்ச நீதிமன்றம். மொத்தம் 20,625. நாட்டுக்கு இது தாராளம். தொகுதிக்கு? 250 பூத், அதில் 5 கோளாறு. எடுத்த இயந்திரத்தைத் திரும்பக் குவியலில் போடுவதில்லை என்பதால் ஒவ்வொரு முறையும் எண்ணிக்கை ஒன்று குறையும்: 245/250, 244/249 என்று 241/246 வரை. ஐந்தையும் பெருக்கினால் 0.90. பத்துக்கு ஒன்பது முறை ஐந்தும் நல்லதாகவே வந்து, கோளாறு தப்பிவிடும். ஹைபர்ஜியோமெட்ரிக் பரவல் என்ற வாயில் நுழையாத பெயர் இதற்கு.

99 சதவீத நிச்சயம் வேண்டுமா? இந்த ஒரு தொகுதிக்கே 150 இயந்திரங்களைத் திறக்க வேண்டும். நாடு முழுவதையும் ஒரே பானையாகப் பார்த்தால் 228 போதும்! மொத்தத்தில் இத்தனை சதவீதம் எடுத்தால் போதும் என்ற சாமான்யக் கணிப்பு இங்கேதான் சறுக்குகிறது.

கமிஷன் தரப்பிலும் நியாயம் உண்டு. கோளாறு நாடு முழுக்கப் பரவியிருந்தால் 20,625-க்குத் தப்பவே முடியாது. ஆனால் ஒரு தொகுதியில் ஒன்று சிக்கினால், திறக்காத மற்ற 245-ஐ என்ன செய்வது? அது சூத்திரத்தில் வராத கேள்வி.

எல்லாச் சீட்டுகளையும் எண்ணும் கோரிக்கையை 2024 ஏப்ரல் 26-ல் உச்ச நீதிமன்றம் நிராகரித்தது. பதிலாக, இரண்டாம், மூன்றாம் இடம் பிடித்த வேட்பாளர்கள் பணம் கட்டி, தொகுதிக்கு 5 சதவீத இயந்திரங்களின் நினைவகத்தைச் சோதிக்கச் சொல்லலாம் என்றது. 250-க்கு 12 அல்லது 13 இயந்திரங்கள். எவை என்பதை வேட்பாளரே சொல்வார். குலுக்கல் இல்லை என்பதால், மேலே போட்ட கணக்கு எதுவும் அங்கே செல்லாது.